சோக்கை எடுத்தால் அணைந்துபோகும் சின்ன ஏடிவி: உங்கள் அனுபவம் என்ன?

நண்பர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டும் 110 சிசி ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டி. காலையில் சோக் (குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தரும் அமைப்பு) போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். சோக்கை எடுத்ததும் திணறி அணைந்துவிடும். நன்றாகச் சூடேறிவிட்டால் ஒரு குறையும் தெரியாது. என்னிடம் வரும்போது யாரோ ஐடில் ஸ்க்ரூவை (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) எக்கச்சக்கமாக ஏற்றி வைத்திருந்தார்கள். எனக்குப் பயமே அதுதான். இந்த வண்டிகளில் இருப்பது சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச்; இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) ஏறினால் தானாகவே பிடித்துக்கொள்ளும். இன்ஜின் சூடாகி ஐடில் எகிறினால், கியரில் இருக்கும் வண்டி ஆக்சிலேட்டரைத் தொடாமலே நகரும். மேலே உட்கார்ந்திருப்பது சின்னப் பிள்ளை.

சோக்கில் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறைவாகப் போகிறது, இல்லை எங்கோ காற்று கூடுதலாக நுழைகிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கூடுதலாகத் தேவைப்படும். சூடானதும் வருகிற கொஞ்சமே போதும், குறை ஒளிந்துகொள்ளும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, ஐடிலில் பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை; பழைய பெட்ரோல் காய்ந்த பிசின் பாதியை அடைத்திருந்தது. கிளீனர் அடித்து, காற்று விட்டேன். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். ஜெட் உட்காரும் பாதைக்கும் காற்று விட வேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஐடிலில் பெட்ரோல், காற்றுக் கலவையை வைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை மென்மையாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, இன்ஜின் சூடான பின் நுணுக்கமாக வைத்தேன். ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் திறக்கத் திறக்க பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும். கடைசியாக ஐடிலை இறக்கினேன். இப்போது கொஞ்ச நேரம் சோக்கில் ஓடினால் போதும்.

—

எனக்கும் இதே தொல்லைதான் அண்ணா, ஆனால் ஜெட் சுத்தமாக இருந்தது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல். வளைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஐடிலில் விட்டு, அந்த இடத்தில் கிளீனரைத் துளி அடித்தேன்; சத்தம் சட்டென்று மாறியது. சைலன்சர் சூடாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

—

என்னுடையது ஜிஒய்6 இன்ஜின், கையால் போடும் சோக் கிடையாது. அதில் தானாக வேலை செய்யும் ஆட்டோ சோக்தான்; இதே வகை என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் அதன் ஊசி உள்ளிழுத்திருக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்தால் சில நிமிடத்தில் நீள வேண்டும். என்னுடையது எப்போதும் நீண்டே கிடந்தது, அதனால் காலையில் கூடுதல் பெட்ரோல் கிடைக்கவே இல்லை. மாற்றியதும் சரியானது.

—

ஜெட், ரப்பர் எல்லாம் பார்த்தாயிற்று அண்ணா. சோக் போட்டாலும் சரியாக நிற்கவில்லை, கிக்கர் லேசாக இறங்குகிறது. என்ன செய்ய?

—

கிக்கர் லேசாக இறங்குகிறதென்றால் டேப்பட்டை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை) பாருங்கள் தம்பி. இடைவெளி இறுகினால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், குளிரில்தான் அது அதிகம் தெரியும். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்கவும். இந்த வகை இன்ஜின்கள் பலவற்றில் 0.05 மில்லிமீட்டர், உங்கள் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். அளந்துவிட்டுச் சொல்லுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.