ஐலண்ட் பீக்: 14 நாளா, 19 நாளா?

குழு: நவம்பர் நேப்பாளம் (குடும்பம்)

[இரவு 8:04] கார்த்தி: ரெண்டு கம்பெனி விலை அனுப்பியிருக்காங்க. ஒண்ணு 14 நாள், இன்னொண்ணு 19 நாள். மலை அதேதான், ஐலண்ட் பீக், 6,189 மீட்டர். 14 நாள்ல காசும் மிச்சம், லீவும் மிச்சம். அதையே எடுத்துடலாமா சித்தப்பா?

[இரவு 8:09] ரவி சித்தப்பா: எந்த ராத்திரி எந்த ஊர்ல தூங்குறீங்கன்னு மட்டும் போடு. மத்த வர்ணனை எதுவும் வேண்டாம்.

[இரவு 8:13] கார்த்தி: காத்மாண்டு 1, பாக்டிங் 1, நாம்சே 2, தெங்போச்சே 1, திங்போச்சே 1, சுக்குங் 1, பேஸ் கேம்ப் 1. மறுநாள் உச்சி. அப்புறம் நேரா இறக்கம்.

[இரவு 8:21] ரவி சித்தப்பா: உயரத்தைப் பக்கத்துல எழுதிப் பாரு. நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, சுக்குங் 4,730, பேஸ் கேம்ப் கிட்டத்தட்ட 5,100. நாம்சேக்கு அப்புறம் ஒரு ராத்திரிகூட அதே இடத்துல தூங்கல. 3,000 மீட்டரைத் தாண்டினா, தூங்குற உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளுக்கு ஒருதடவை ஓய்வு நாள் வேணும். இதுல தெங்போச்சேலேர்ந்து திங்போச்சே 550. ரெண்டாவது ஓய்வு நாளே இல்ல.

[இரவு 8:22] ரவி சித்தப்பா: இன்னொண்ணு, மாற்று நாள் எங்க? உச்சிக்குப் போற அன்னிக்குக் காத்து அடிச்சா? நாம ஃப்ளைட்ல போய் இறங்குற லுக்லாவுல மேகம் மூடினா?

[இரவு 8:24] தேன்மொழி: 19 நாள்ல நாம்சே 2, திங்போச்சே 2, சுக்குங் 2, பேஸ் கேம்ப் 2. உச்சிக்கு ஒரு மாற்று நாள் தனியா இருக்கு. கடைசில காத்மாண்டுலயும் ஒரு நாள்.

[இரவு 8:27] ரவி சித்தப்பா: அதுதான் அட்டவணை. சுக்குங் ரெண்டாவது நாள் சுக்குங் ரி ஏறச் சொல்வாங்க, 5,546 மீட்டர். மேல ஏறிட்டு கீழ வந்து தூங்குறதுதான் உடம்பைப் பழக்குற வழி. கால் வலிக்குதுன்னு அன்னிக்கு லாட்ஜ்ல படுத்துடாதீங்க. பேஸ் கேம்ப்ல கூடுதலா இருக்குற நாள் கயிறு பயிற்சிக்கு.

[இரவு 8:31] மீனா அத்தை: 5,500 மீட்டர்ல காத்தழுத்தம் இங்க சிங்கப்பூர்ல இருக்குறதுல பாதி. உடம்பு தேறி இருக்கிறவனுக்கும் மலை நோய் வரும், மாரத்தான் ஓடுறவனுக்கும் வரும். அவன் வேகமா ஏறுவான், அதனால இன்னும் சீக்கிரமே வரும்.

[இரவு 8:33] கார்த்தி: மலேசியாவுல கினபாலு மலை ஏறினவங்களுக்குப் பிரச்சினை இருக்காதுன்னு சொல்றாங்களே அத்தை

[இரவு 8:36] மீனா அத்தை: கினபாலு 4,095. ஒரே ராத்திரி சுமார் 3,300ல தூங்கிட்டு, ஏறி, மதியத்துக்குள்ள இறங்கிடுவாங்க. நோய் முழுசா தலைகாட்டுறதுக்கு முன்னாடியே கீழ வந்தாச்சு. ஐலண்ட் பீக்குக்கு அதை வச்சு எதையும் சொல்ல முடியாது.

[இரவு 8:44] மீனா அத்தை: மருந்து பத்தி ஒரேயடியா எழுதிடறேன், தனித்தனியா கேக்காதீங்க. அசிட்டசோலமைடு, கடைப்பேர் டயமாக்ஸ். தடுப்புக்குப் பெரியவங்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு, ஏற ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்லேர்ந்து. இங்க டாக்டர் சீட்டு இல்லாம கிடைக்காது. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க கட்டாயம் முதல்லயே சொல்லணும். விரல் நுனி, உதடு சுறுசுறுன்னு இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், கோக் குடிச்சா சப்புன்னு இருக்கும். இதெல்லாம் மருந்தோட வேலை, பயப்பட வேண்டாம். ஊர்லயே ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டுப் போங்க.

[இரவு 8:45] மீனா அத்தை: ஆனா மாத்திரை போட்டாச்சுன்னு ஓய்வு நாளை வெட்டக்கூடாது.

[இரவு 8:47] தேன்மொழி: எப்ப இறங்கணும் அத்தை?

[இரவு 8:53] மீனா அத்தை: தலைவலி, குமட்டல், பசியின்மை இருந்தா அதே உயரத்துல நில்லு, ஏறாதே. குறையலன்னா இறங்கு. ரெண்டு விஷயத்துக்கு யோசிக்கவே கூடாது, ராத்திரி ஆனாலும் இறங்கணும். ஒண்ணு, குடிச்சவன் மாதிரி தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம். நேர்கோட்டுல குதிகாலும் பெருவிரலும் ஒட்டுற மாதிரி பத்து அடி நடக்கச் சொல்லு, தடுமாறினா மூளை வீங்குதுன்னு வச்சுக்கோ. ரெண்டாவது, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, இருமல், நெஞ்சுல கரகரன்னு சத்தம். அது நுரையீரல்ல நீர். வழிகாட்டிகிட்ட டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின்னு ரெண்டு மருந்தும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் இருக்கான்னு கேளு. அதெல்லாம் இறங்குறதுக்குத் துணை, இறங்காம இருக்குறதுக்கு இல்ல.

[இரவு 8:55] ஜெயந்தி பெரியம்மா: இதெல்லாம் படிச்சா எனக்கே தலை சுத்துது. சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க? புளிக்காய்ச்சல் கட்டித் தரவா?

[இரவு 8:58] ரவி சித்தப்பா: குடுங்க அண்ணி, சின்ன டப்பாவா. மேல போகப் போக நாக்கு செத்துடும், புளிப்பு காரம் இருந்தாதான் சோறு இறங்கும். லாட்ஜ்ல தால் பாத் கேட்டா சோறும் பருப்பும் திரும்பத் திரும்பப் போடுவாங்க. நாம்சேக்கு மேல கறி தொடாதீங்க. அங்க உயிர் வெட்டுறதில்ல, கீழேர்ந்து ஐஸ் பெட்டி இல்லாமலே சுமந்து வருது.

[இரவு 9:02] கார்த்தி: சரி 19 நாள். ஆனா லுக்லா ஃப்ளைட் காத்மாண்டுலேர்ந்து இல்ல, ராமேச்சாப்லேர்ந்துன்னு போட்டிருக்கு?

[இரவு 9:06] ரவி சித்தப்பா: கூட்டம் அதிகமான மாசங்கள்ல அப்படித்தான். காத்மாண்டுலேர்ந்து ராத்திரி ரெண்டு மணி வாக்குல வேன்ல ஏறணும், நாலஞ்சு மணி நேரம். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. கண்ணால பாத்துதான் இறக்கணும், அதனால மேகம் வந்தா அன்னிக்குக் கதை முடிஞ்சுது. பெட்டியும் கைப்பையும் சேத்து 15 கிலோ. கனமான பூட்ஸைக் கால்ல போட்டுக்கிட்டு, கல்லு மாதிரி கனக்குறதை ஜாக்கெட் பையில வச்சுக்கலாம்.

[இரவு 9:07] ரவி சித்தப்பா: விசா காத்மாண்டு ஏர்போர்ட்லயே. 15 நாள் 30 அமெரிக்க டாலர், 30 நாள் 50. ரெண்டாவதை எடுங்க.

[இரவு 9:10] சரவணன் மாமா: இப்பதான் முழுசும் படிச்சேன். பூட்ஸ் பத்தி யாரும் பேசலையே. கார்த்தி, உன் வீட்டு ஸ்டோர் ரூம்ல கெடக்குற பழைய ட்ரெக்கிங் ஷூவைத்தான் போடப் போறியா?

[இரவு 9:11] கார்த்தி: ஆமா மாமா, ரெண்டே தடவைதான் போட்டது. புதுசு மாதிரி இருக்கு

[இரவு 9:19] சரவணன் மாமா: அதுதான் ஆபத்து. நடு அடிப்பாகம் பாலியூரிதேன். நம்ம ஊர் ஈரக்காத்துல அது போடாம வச்சிருந்தாலும் உள்ளுக்குள்ள சிதையும். வெளில பளபளன்னு இருக்கும், நாலு மணி நேரம் நடந்ததும் அடிப்பாகம் அப்படியே பிச்சுக்கிட்டு வரும். இப்பவே எடுத்து, பக்கவாட்டுல அந்த நடு அடுக்கைக் கட்டைவிரலால அழுத்திப் பாரு. பொடிஞ்சாலோ, மெல்லிசா கோடு கோடா வெடிப்பு தெரிஞ்சாலோ, தூக்கிப் போடு. ஒட்ட வைக்கப் பாக்காதே. சரியா இருந்தா வாரக்கடைசில போட்டு நட, அப்புறம் வீட்டுக்குள்ள காத்தோட்டமா வை. காத்துப் போகாத ஷெல்டர் ரூம்ல பூட்டி வைக்காதே. தூங்கும் பையும் டவுன் ஜாக்கெட்டும் அப்படித்தான், அமுக்கி மூட்டை கட்டி வச்சா பூஞ்சை பிடிக்கும்.

[இரவு 9:24] சரவணன் மாமா: உச்சிக்கு இரட்டை அடுக்கு பூட்ஸ் தனி. காத்மாண்டு தமேல் கடைத்தெருவுல வாடகைக்குக் கிடைக்கும், சுக்குங்லயும் கிடைக்கும், ஆனா அங்க மிஞ்சின அளவுதான் இருக்கும். தமேல்லயே எடு. தடிமனான சாக்ஸ் போட்டு, சரிவுல இறங்குற மாதிரி நின்னு பாரு. பெருவிரல் முன்னாடி இடிச்சா பெரிய அளவு கேளு. கடையிலயே க்ராம்பானை (பனில வழுக்காம இருக்க பூட்ஸ் அடியில மாட்டுற முள் சட்டம்) மாட்டிப் பாரு. வாரைக் கட்டாம பூட்ஸைத் தூக்கிக் குலுக்கினா விழக்கூடாது. விழுந்தா அந்த ஜோடி வேண்டாம். பனிச்சுவர் நடுவுல க்ராம்பான் கழண்டா கையுறையைக் கழட்டாம மாட்ட முடியாது, விரல் போயிடும்.

[இரவு 9:26] தேன்மொழி: கயிறு விஷயம் எனக்குப் புரியவே இல்ல. வழிகாட்டி கட்டுற கயிறைப் பிடிச்சு ஏறுறதுதானே?

[இரவு 9:37] ரவி சித்தப்பா: பிடிச்சு ஏறுறது இல்லம்மா, மாட்டி ஏறுறது. ஹார்னஸ், அதாவது இடுப்புல கட்டுற பட்டைலேர்ந்து ரெண்டு வார் தொங்கும். ஒண்ணு ஜூமாருக்கு (கயிறைக் கவ்வுற கைப்பிடி), இன்னொண்ணு சேஃப்டி கேரபினருக்கு (பூட்டுற கொக்கி). ஜூமார் கயித்துல மேல நகரும், கீழ நகராது. சுவர்ல அங்கங்க கயிறு பனில அடிச்ச ஆங்கர்ல கட்டியிருக்கும், அந்த முடிச்சை ஜூமார் தாண்டாது. அப்ப வரிசை இதுதான்: முதல்ல சேஃப்டி கேரபினரை ஆங்கருக்கு மேல இருக்குற கயித்துல போடு, திருகு பூட்டைப் பூட்டு. அப்புறம்தான் ஜூமாரைக் கழட்டி மேல மாத்து. எந்த நொடியும் ரெண்டுல ஒண்ணு கயித்துல இருக்கணும்.

ஜூமார் வாரோட நீளம் ரொம்ப முக்கியம். சாய்ஞ்சு தொங்கும்போது ஜூமார் உன் கைக்கு எட்டணும். நீளமா விட்டா எட்டாத உயரத்துல மாட்டிக்கிட்டு, பாரம் அதுலயே தொங்கும், கழட்டவே முடியாது. பேஸ் கேம்ப்லயே ஒருதடவை தொங்கிப் பாத்து முடிச்சுப் போடுங்க.

[இரவு 9:41] ரவி சித்தப்பா: இறங்குறது இதைவிடக் கவனம். ஃபிகர் எய்ட்ல (இறங்கும்போது கயிறு ஓடுற 8 வடிவ வளையம்) கயிறைப் போட கயிறு தளர்வா இருக்கணும். கீழ ஒருத்தர் அதே கயித்துல தொங்கிட்டிருந்தா விறைச்சு நிக்கும், எவ்வளவு இழுத்தாலும் உள்ள போகாது. அவர் அடுத்த ஆங்கரைத் தாண்டுற வரை சேஃப்டியில தொங்கிக்கிட்டு நில்லுங்க. அவசரத்துல அதைக் கழட்டுறவங்கதான் விழுறாங்க. ஃபிகர் எய்ட்டைக் கை தவற விட்டா பள்ளத்துலதான், அதனால கேரபினர்லேர்ந்து முழுசா கழட்டாம கயிறைப் போடுற விதத்தை இங்கயே உள்ளரங்கப் பாறையேற்ற இடத்துல கத்துக்கோங்க. தடிமனான கையுறையோட. வெறுங்கைல பத்து தடவை செஞ்சதெல்லாம் கணக்குல வராது.

[இரவு 9:43] கார்த்தி: உச்சி நாள் எத்தனை மணி நேரம்?

[இரவு 9:48] ரவி சித்தப்பா: பேஸ் கேம்ப்லேர்ந்து ராத்திரி 1 மணிக்குக் கிளம்பினா போக வர 10 லேர்ந்து 12. ஏத்தம் சுமார் 1,100 மீட்டர். கற்சரிவு முடியுற இடத்துல க்ராம்பான் மாட்டணும், அப்புறம் பனியாறு, பிளவு மேல ஏணி (வருஷத்துக்கு வருஷம் மாறும்), கடைசில செங்குத்துச் சுவர். ஒரே கயித்துல ஏறுறவங்களும் இறங்குறவங்களும் வந்தா சுவரடில கூட்டம் நிக்கும். நின்னாதான் குளிரும். திரும்புற நேரத்தை முந்தின நாளே வழிகாட்டிகிட்ட பேசி முடிவு பண்ணுங்க, காலை 10 மணின்னா 10. மதியம் காத்து ஏறும், வெயில்ல பனி இளகும்.

[இரவு 9:50] சரவணன் மாமா: தண்ணி பை எடுத்துட்டுப் போகாதீங்க, அந்த ட்யூப் உறைஞ்சுடும். அகல வாய் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, பாட்டில் மேல சாக்ஸ் மாட்டி, தலைகீழா வைங்க. மேல்பக்கம்தான் முதல்ல உறையும், வாய் திறந்தே இருக்கும்.

[இரவு 9:55] தேன்மொழி: முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட என்ன கேக்கணும்?

[இரவு 10:03] ரவி சித்தப்பா: எழுத்துல வாங்குங்க. உச்சி நாளுக்கு எத்தனை பேருக்கு ஒரு ஏறு வழிகாட்டி? ரெண்டு பேருக்கு ஒருத்தர்னா சரி. நாலு பேருக்கு ஒருத்தர்னா, ஒருத்தருக்கு முடியலன்னா நாலு பேரும் திரும்பணும், இல்லன்னா அவரைத் தனியா விடணும். ட்ரெக்கிங் வழிகாட்டி வேற, ஏறு வழிகாட்டி வேற, அவரோட உரிம அட்டையைக் கேளுங்க. சுமை தூக்குறவங்களுக்குக் காப்பீடும் குளிர் உடுப்பும் யார் தர்றாங்க? மாற்று நாளுக்குத் தனிக் கட்டணமா?

உங்க காப்பீடு வேற. பல பயணக் காப்பீட்டுல உயர வரம்பு சின்ன எழுத்துல இருக்கும், கயிறு வச்சு ஏறுறதை விலக்கியும் இருக்கும். 6,500 மீட்டர் வரைக்கும், ஹெலிகாப்டர் மீட்போட, மலையேற்றம்னு பேர் சொல்லியே இருக்கணும். தேவையில்லாம ஹெலிகாப்டர் ஏத்திக் காப்பீட்டுல பணம் கறந்ததை 2018ல நேப்பாள அரசே விசாரிச்சது, அதனால ஏத்துறதுக்கு முன்னாடி காப்பீட்டு அவசர எண்ணுக்கு நீங்களே பேசுங்க.

[இரவு 10:05] கார்த்தி: பயிற்சி எங்க? சிங்கப்பூர்லயே உயரமான புக்கிட் தீமா 163 மீட்டர்தானே

[இரவு 10:10] ரவி சித்தப்பா: உங்க அடுக்குமாடி புளோக் படிக்கட்டு போதும். 25 மாடி ஏறினா கிட்டத்தட்ட 70 மீட்டர். 16 தடவைல உச்சி நாள் ஏத்தம் வந்துடும். ஆரம்பத்துல 5 சுத்து, பையில 8 கிலோ, வாரம் ஒரு சுத்து கூட்டு. எல்லாரும் பண்ற தப்பு, ஏறிட்டு லிஃப்ட்ல இறங்குறது. முட்டி போறது இறக்கத்துலதான், தொடை பழகணும்னா படிலயே இறங்கணும்.

[இரவு 10:12] தேன்மொழி: சனி காலை 7 மணி, என் புளோக் கீழ. கார்த்தி, அந்த ஷூவோட வா, மாமா சொன்ன மாதிரி அழுத்திப் பாத்தியா?

[இரவு 10:13] கார்த்தி: பாத்தேன். பொடியுது 😐

[இரவு 10:14] சரவணன் மாமா: நாளைக்கே புதுசு வாங்கு. சாயந்திரமா போ, அப்பதான் கால் வீங்கி இருக்கும், அளவு சரியா தெரியும்.