கலிமந்தான் சதுப்பு விவசாயம் மணக்குடிக்குச் சரிப்படுமா?

மணக்குடி வயல்:

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணக்குடிக் காயலை ஒட்டி, பழையாறு வந்து முடியும் தாழ்வில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பா காலத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லும் விளைந்த இடம். இப்போது பொழி (காயல் கடலில் சேரும் வாய்) மணலால் அடைத்தால் காயல் ஏறி வரப்பைத் தொடுகிறது. கோடையில் உவர் வெள்ளையாகப் பூக்கிறது. சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் தென்னை வைத்துவிட்டார்கள், மீதி தரிசு. எனக்கு நெல்லை விட மனமில்லை.

இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தானில் ஒரு கிராமத்தைப் பற்றிய காணொளி பார்த்தேன். சதுப்பு நிலத்தில் நீளமாக மண்மேடு போட்டு அதில் ஆரஞ்சு, மேடுகளுக்கு நடுவே நெல். அங்கேயும் கடலின் ஏற்ற இறக்கம்தான் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறதாம். அதே மாதிரி ஜேசிபி விட்டு ஆழமாக வெட்டி மேடு போடலாமா? அந்தப் பக்கம் போய் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குளச்சல் சர்வேயர்:

தம்பி, ஜேசிபிக்காரரை இப்போதைக்கு வரச் சொல்ல வேண்டாம்.

நிலக்கரிக் கப்பல்களில் சரக்கு அளக்கும் வேலையாகச் சில வருஷம் பஞ்சர்மாசின் நகரத்தில் இருந்தேன். எங்கள் படகை ஓட்டியவரின் வீடு பாரிட்டோ குவாலா மாவட்டத்தில், ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் கரையில். லீவு கிடைத்தால் அங்கேதான் இருப்பேன். நம்ம பக்கம் போல வீடுகள் கூட்டமாக இருக்காது. வாய்க்கால் நெடுக ஒற்றை வரிசை, எல்லாம் உலின் மரத்தூண் மேல், எல்லா வாசலும் தண்ணீரைப் பார்த்து. அந்த வாய்க்காலுக்கு ஹண்டில் என்று பெயர். அந்தப் பகுதியின் பஞ்சர் இன மக்கள் கையால் வெட்டியது. ஆற்றிலிருந்து சதுப்புக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். வெட்டிய குடும்பங்களே இரு பக்கமும் வயல் எடுத்துக்கொள்வார்கள். பெரிய கால்வாய்களும் உண்டு. டச்சுக்காரர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய அஞ்சிர் செரப்பாத் பாரிட்டோ ஆற்றையும் கப்புவாஸ் முருங் ஆற்றையும் இணைக்கிறது.

இனி உங்கள் கேள்வி. அங்கே கடல் ஏறும்போது வயலுக்குள் வருவது கடல் தண்ணீர் இல்லை. பாரிட்டோ பெரிய ஆறு. கடல் ஏறி அதைத் தடுக்கும்போது ஆற்றின் நல்ல தண்ணீர் எழும்பி வாய்க்கால் வழியாக வயலுக்கு வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் ஏறும். நீண்ட கோடையில்தான் உப்பு ஆற்றில் மேலே வரும். அப்போது பீப்பாயில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான் குடிக்க. நம்ம மணக்குடியில் வேலியேற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. பொழி அடைத்தால் அதுவும் கிடையாது. ஏறுவதும் காயலின் உவர்.

அவர்கள் நெல் வேறு. சியாம் என்ற நாட்டு வகைகள், விதைத்து அறுக்க ஒன்பது பத்து மாதம். மழை தொடங்கும்போது மேட்டில் நாற்று விடுவார்கள். அதைப் பிடுங்கி வயல் ஓரத்தில் ஒரு தடவை, வளர்ந்ததும் பிரித்து உள்ளே இன்னொரு தடவை, கடைசியாகத் தண்ணீர் இறங்கத் தொடங்கும் மார்ச், ஏப்ரலில் முழு வயலிலும் நடவு. அதற்குள் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும், தேங்கிய தண்ணீர் அதை மூழ்கடிக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பு.

உழவு கிடையாது. தாஜாக் என்று நீளக் கைப்பிடியில் வாள் போன்ற அலகு வைத்த கருவி ஒன்று. தண்ணீருக்குள்ளேயே புல்லை அடியோடு வீசி வெட்டுவார்கள். வெட்டியதை உருட்டி அங்கேயே அழுகவிட்டு, புரட்டி, பிறகு வயல் முழுக்கப் பரப்புவார்கள். அந்த வீட்டுப் பெரியவர் முட்டளவு தண்ணீரில் நின்று காலை முழுக்க வெட்டுவார். அலகு சேற்றுக்குள் ஆழமாக இறங்கவே இறங்காது. அப்படி ஒரு கைவேலையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆழமாக இறங்கக் கூடாது என்பதுதான் அங்கே எல்லாமும். மண்ணுக்கு அடியில் பைரைட் என்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை தொந்தரவு இல்லை. கிளறிவிட்டு, காய்ந்து, காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். வாய்க்காலில் துருநிறம் ஓடும், நெல் கருகும், புருன் என்ற கோரைதான் மண்டும். (பெண்கள் அதில் பாய் முடைகிறார்கள், நல்ல பாய்.) நீங்கள் பார்த்த மேடுகளும் ஒரே வருஷத்தில் வந்தவை அல்ல. முதலில் தனித்தனிக் குவியல், ஒவ்வொன்றிலும் ஒரு ஆரஞ்சுக் கன்று. வருஷா வருஷம் பக்கத்து மேல்சேற்றை மட்டும் அள்ளிப் போட்டுப் போட்டுத்தான் குவியல்கள் நீண்டு ஒன்று சேர்கின்றன.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த மாகாணமே சாட்சி. 1995-ல் சுகார்த்தோ அரசு மத்தியக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் நெல்வயல் என்று அறிவித்து, கரிச்சதுப்பில் (மக்கிய செடிகொடிகள் சேர்ந்த சதுப்பு) இயந்திரம் விட்டு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. வடிந்து காய்ந்த நிலம் 1997-ல் பற்றி எரிந்தது. அப்புறம் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த நேர்க்கோட்டுக் கால்வாய்களைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இரணியல் வேளாண் அக்கா:

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, உங்கள் வயலுக்கு உப்பு முதல் பிரச்சினை. அமிலமும் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். குட்டநாட்டுக் கரிநிலத்தில் இதே பைரைட் தொல்லை உண்டு. முழங்கால் ஆழத்திலும் இடுப்பு ஆழத்திலும் மண் எடுங்கள். ஈரமாக ஒரு தடவை, சில வாரம் காயவைத்து ஒரு தடவை பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) பாருங்கள். காய்ந்ததும் 4-க்குக் கீழே விழுந்தால் அந்த ஆழத்துக்கு இயந்திரம் போகவே கூடாது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முடிவைக் காட்டிக் கேளுங்கள்.

உங்களுக்குக் கலிமந்தானைவிட எர்ணாகுளம் பக்கத்துப் பொக்காளி வயல்தான் நெருக்கம். மழைக்கு முன் சிறு மேடுகள் கூட்டி, மழை உப்பைக் கழுவியதும் மேட்டிலேயே விதைத்து, பிறகு கலைத்துப் பரப்புவார்கள். அறுத்த பின் உப்புத் தண்ணீர் விட்டு இறால். ஆனால் அங்கே பெய்யும் மழையில் பாதிகூட உங்கள் அகஸ்தீஸ்வரம் பக்கம் கிடையாது. அதனால் கன்னிப்பூவை விட்டுவிட்டு, ஐப்பசி மழையில் உப்பைக் கழுவவிட்டு, கும்பப்பூவில் திருச்சி 3 மாதிரி உவர் தாங்கும் ரகத்தை ஒரு மூலையில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

மணக்குடி வயல்:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. ஜேசிபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மண் எடுக்கிறேன். நாற்றை இடம் மாற்றி மாற்றி நட்டு நெடுசாக்குவது திருச்சி 3-ல் நடக்குமா?

இரணியல் வேளாண் அக்கா:

நடக்காது. அவர்கள் நெல் பகல் நீளம் பார்த்துப் பூப்பது, அதனால் காத்திருக்கும். 135 நாள் ரகத்துக்கு நாற்றங்காலிலேயே வயது போய்விடும். உங்கள் பக்கத்தில் யாரிடமாவது பழைய நெடும்பயிர் நாட்டு விதை இருந்தால் ஒரு பாத்தியில் செய்து பாருங்கள்.