ஓபராமர்காவுக்கு வண்டி புறப்பட்டாச்சு (ஜெர்மனியின் தெற்கே உள்ள ஒரு கிராமத்தில் இயேசுவின் பாடுகளின் நாடகம் பார்க்கப் போன பயணம்; குடும்பக் குழு, ஜூலை 2022)

வெள்ளி

மாமா (டோர்ட்முண்ட்), 05:42
எல்லோருக்கும் காலை வணக்கம். வோன்மொபிலில் (படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டி) தண்ணீர் நிரப்பியாச்சு, கேஸ் சிலிண்டர் பார்த்தாச்சு, மாமி இடியப்பமும் சம்பலும் கட்டி வைத்திருக்கிறா, இனிப் புறப்படுகிறோம். ஓபராமர்காவ் இங்கிருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர், ஒரே ஓட்டமாக ஓட மாட்டேன், வழியில் எங்காவது படுத்து எழும்பித்தான் போவோம். 2020இல் டிக்கெட் கையில் இருந்தும் கொரோனாவால் நாடகத்தையே இரண்டு வருடம் தள்ளிவைத்தார்கள், அன்று மாமி அழுதது இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது.

சித்தி (லண்டன்), 06:15
கவனமாகப் போங்கள் அண்ணா. ஆனால் ஹோட்டல் போட்டிருக்கலாமே, மச்சாளுக்கு முதுகு நோ அல்லவா?

மாமி, 06:31
முதுகு நோவுக்கு இதுதான் நல்லது, நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கலாம். நாடகம் இரண்டரை மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு நிற்கும், பிறகு எட்டு மணிக்குத்தான் மிச்சம், முடிய இரவு பத்தரை. இடையில் மூன்று மணி நேரம் எங்கே போய் இருப்பது? எங்கள் கட்டில், எங்கள் அடுப்பு பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நிம்மதி.

நான், 07:02
மாமா, அந்த வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

மாமா, 09:20
3.5 தொன் வரைக்கும் சாதாரண கார் லைசென்ஸ் போதும், அதற்கு மேல் என்றால் சி1. ஆனால் வண்டியின் பாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு, 100 லீட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ. டீசல் வரியை ஆகஸ்ட் முடியும் வரை குறைத்திருக்கிறார்கள், அது பெரிய உதவி.

அம்மம்மா (குருநகர், யாழ்ப்பாணம்), 10:05
தம்பி, அதென்ன நாடகம்? எங்கள் கோயில் வளவில் போடுகிற பாஸ்குதானே? அதற்கா இவ்வளவு தூரம்?

மாமா, 12:48
அதேதான் அம்மா, ஆனால் இதை ஒரு ஊரே நேர்த்திக்கடனாகச் செய்கிறது. 1633இல் கொள்ளைநோய் வந்து ஊரில் நிறையப் பேர் செத்துப் போக, மிஞ்சினவர்கள் கோயிலில் கூடி, நோய் நின்றால் பத்து வருடத்துக்கு ஒரு தடவை ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டுகிறோம் என்று நேர்ந்தார்களாம். அதன்பிறகு ஒருவரும் சாகவில்லை என்று சொல்கிறார்கள். அடுத்த வருடமே முதல் நாடகம், மேடை போட்டது நோயில் இறந்தவர்களைப் புதைத்த சேமக்காலையில். இது 42ஆவது தடவை. நடிப்பதற்கு அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் அல்லது 20 வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும், எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் வெளியிலிருந்து ஆளெடுக்க மாட்டார்கள்.

அம்மம்மா, 12:55
நேர்த்தியென்றால் சரி. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சனி

மாமா, 10:10
வந்து சேர்ந்தாச்சு. ஏ95 நெடுஞ்சாலை எஷன்லோஹேயில் முடிகிறது, அங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஒருவனோடுதான் அந்த நோய் ஊருக்குள் வந்தது என்பது இவர்களின் பழைய கதை. பிறகு ஓபராவ் என்ற ஊரில் திரும்பி எட்டால் மலை ஏற்றம், இரண்டாம் கியரில் ஏறினேன், பின்னால் வந்தவர்கள் பொறுமையாக வந்தார்கள்.

மாமி, 11:36
வீட்டுச் சுவரெல்லாம் வேதாகமக் கதைப் படம் வரைந்திருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே நிற்கலாம். பேக்கரியில் பாண் தந்த பெடியனுக்குத் தோள் வரை முடி, நீளத் தாடி! போன வருடம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து யாரும் முடி வெட்டக்கூடாதாம், உரோமைப் படைவீரராக நடிக்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு. பாண் விற்கிற பிள்ளை பின்னேரம் அப்போஸ்தலராக வந்து நிற்பான் என்று நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சித்தி, 11:50
ஆனால் மச்சாள், யூதர்களைக் கெட்டவர்களாகக் காட்டுகிற நாடகம் என்று இதைப்பற்றிப் படித்திருக்கிறேன். ஹிட்லரே 1934இல் போய்ப் பார்த்துப் புகழ்ந்தானாம்.

மாமா, 12:20
உண்மைதான் தங்கச்சி, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1990இலிருந்து நெறியாள்கை செய்கிற கிறிஸ்டியன் ஷ்டுக்கல் படிப்படியாக நிறைய மாற்றியிருக்கிறார், அவரும் இதே ஊர்க்காரர். கலியாணம் முடித்த பெண்களும் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் நடிக்க முடிந்ததும் அந்த 1990இல்தான், அதற்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இந்த முறை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக நடிப்பவர் ஒரு முஸ்லிம் இளைஞர். சரி, உள்ளே போன் கொண்டுபோய் நோண்ட முடியாது, இடைவேளையில் எழுதுகிறேன்.

மாமா, 17:25
இடைவேளை. வண்டியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு எழுதுகிறேன். எங்களுக்கு மேலே கூரை இருக்கிறது, மேடை திறந்தவெளி, பின்னால் மலை தெரிகிறது. இயேசு கழுதையில் வர, குழந்தை குட்டியோடு நூற்றுக்கணக்கில் சனம் மேடையை நிறைத்துவிட்டது. பிறகு அவர் யூதர்களின் வேதமான தோராச் சுருளைத் தூக்கிப்பிடிக்க, எல்லோரும் எபிரேய மொழியில் ‘ஷெமா இஸ்ராயேல்’ என்ற யூதச் செபத்தைப் பாடினார்கள். நான் இத்தனை காலம் கோயிலுக்குப் போயும், இயேசு ஒரு யூதராகவே வாழ்ந்தார் என்பதை இன்றுதான் நெஞ்சால் உணர்ந்தேன்.

நான், 17:40
மாமிக்கு ஜெர்மன் விளங்குதா?

மாமி, 17:44
பழைய நடை, எல்லாம் விளங்காது. ஆனால் கதை தெரியும்தானே பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே போதும். ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருந்த ஆள் விம்மி விம்மி அழுதார்.

மாமா, 23:20
முடிந்தது. போர்வை கொண்டுபோனது நல்லதாய்ப் போச்சு, ஜூலையிலும் இரவில் மலைக்குளிர் ஏறுகிறது. சிலுவையில் அறையும்போது வெளியே உண்மையாகவே இருட்டிவிட்டது, அந்த ஆணிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் கும்பிடு போட்டுக் கைதட்டு வாங்க ஒருவரும் மேடைக்கு வரவில்லை. மாமி எழும்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா, நானும் அவசரப்படுத்தவில்லை.

சித்தி, 23:31
அண்ணா, அடுத்தது 2030தானே? நானும் வருகிறேன், தம்பிக்கும் அதற்குள் லைசென்ஸ் வந்துவிடும்.

மாமா, 23:38
இரண்டு வண்டியாகப் போவோம். டிக்கெட் விற்பனை தொடங்கிய உடனேயே எடுக்க வேண்டும், பிந்தினால் கிடைக்காது. நாளைக்குக் கழிவுத்தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக்கிவிட்டு லின்டர்ஹோஃப் மாளிகை, அப்புறம் வீடு.

அம்மம்மா, ஞாயிறு 05:10
தம்பி, அந்தப் பாட்டுகளைப் பதிந்து அனுப்ப முடியாதா?

மாமா, 07:45
உள்ளே பதிய விடமாட்டார்கள் அம்மா. சிடி விற்கிறார்கள், வாங்கிவிட்டேன், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுகிறேன்.