ஸ்டாஃப் நர்ஸ் எல்லாவற்றுக்கும் இன்சார்ஜைக் கேட்கிறார்கள்: மாற வேண்டியது யார்?

வார்டு_மேசை:
30 படுக்கை மெடிக்கல் வார்டு. மூன்று நான்கு வருட அனுபவமுள்ளவர்கள்கூட, கான்யுலா (மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் போடும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தால் இன்சார்ஜை, அதாவது வார்டு பொறுப்பு நர்ஸைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். நைட் டியூட்டியில் கேட்க ஆளில்லாவிட்டால் விடியும்வரை அப்படியே கிடக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சரியாகவே சொல்கிறார்கள். அப்புறம் ஏன் தயக்கம்? இன்சார்ஜ் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

நைட்_சூப்பர்வைசர்:
சிஸ்டர், காலை ஹேண்ட்ஓவரைக் கவனியுங்கள். இரவில் நடந்ததைச் சொல்லும்போது இன்சார்ஜின் முதல் கேள்வி “யாரைக் கேட்டு செஞ்சீங்க?” என்று இருந்தால், அன்றோடு அந்த வார்டில் யாரும் சொந்தமாக முடிவெடுக்க மாட்டார்கள். “என்ன பார்த்தீங்க, அதனால என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். தவறு இருந்தால் ஹேண்ட்ஓவர் முடிந்தபின் தனியாகச் சொல்லுங்கள், நோயாளி முன்னால் வேண்டாம்.

ஆனால் வாய்வார்த்தை மட்டும் போதாது. எது நர்ஸின் முடிவு என்பது எழுத்தில், யூனிட் சீஃப் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கான்யுலாவுக்கு விஐபி ஸ்கோர் (போட்ட இடத்தில் ரத்தநாள அழற்சியை அளக்கும் மதிப்பெண்) வையுங்கள்: வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தால் ஸ்கோர் 2. உடனே எடுத்து வேறு இடத்தில் போட வேண்டும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே, நோயாளி நினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லை என்றால் வாயில் எதுவும் கொடுக்காமல் டாக்டரை அழைத்துக்கொண்டே 25% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) 100 மி.லி. ரத்தநாளம் வழியாக (ஐவி). இந்தத் தாள் டிராயரில் பூட்டியிருந்தால் பயனில்லை, மருந்து டிராலியிலேயே ஒட்டுங்கள்.

ஐசியு_பயிற்றுநர்:
டாக்டரோடு முரண்படும் நேரம்தான் உண்மையான சோதனை. நர்ஸ்களின் பணிச்சூழலை அளக்க 2002-ல் வந்த 31 கேள்விப் பட்டியலில் இதுவே ஒரு கேள்வி: டாக்டரோடு முரண் வந்தாலும் மேலாளர் நர்ஸின் முடிவுக்குத் துணை நிற்கிறாரா? நோயாளியின் நிலை எவ்வளவு மோசமாகிறது என்று காட்டும் நியூஸ்2 மதிப்பெண் 5 வந்ததும் இரவு 2 மணிக்கு அழைத்த நர்ஸிடம் டாக்டர் எரிந்து விழுந்தால், மறுநாள் டாக்டரிடம் பேச வேண்டியது இன்சார்ஜ். “கொஞ்சம் பார்த்து கூப்பிட்டிருக்கலாமே” என்று நர்ஸிடம் சொல்லிவிட்டால், அடுத்த முறை 7 வரும்வரை காத்திருப்பார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் வார்டில் வேறில்லை.

மெமோ இன்னொரு விஷம். தவறை ஒத்துக்கொண்டு இன்சிடென்ட் ஃபாரம் எழுதியவருக்கே மெமோ போனால், அடுத்த ஃபாரம் வராது.

மருந்து_பாதுகாப்பு:
மேலே இருவரும் சொன்னதோடு ஒன்று. முழுக்கக் கைவிட்டுவிடுவதும் சுதந்திரம் ஆகாது. பொட்டாசியம் குளோரைடு, ஹெப்பரின், ஐவி இன்சுலின் இவற்றில் இரண்டாவது நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது கட்டாயம், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். புதிதாகச் சேர்ந்தவரை நைட்டில் தனியாக விட்டுவிட்டு “நீங்களே முடிவெடுங்க” என்றால் அவர் பயத்தில் உறைந்துபோவார். அவரோடு சீனியர் ஒருவரை ரோஸ்டரிலேயே சேர்த்துப் போடுங்கள்.

வார்டு_மேசை:
நன்றி. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கலாமா?

நைட்_சூப்பர்வைசர்:
வேண்டாம். கான்யுலாவில் தொடங்குங்கள், ஆபத்து குறைவு. எடுத்த நேரம், ஸ்கோர், கையெழுத்து மூன்றும் சார்ட்டில் ஏறுகிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். பிறகு சர்க்கரை. முன்போலவே உங்களிடம் கேட்க வருவார்கள். அப்போது பதில் சொல்லிவிடாதீர்கள். “தாளில் என்ன இருக்கு, சிஸ்டர்?” என்று மட்டும் கேளுங்கள்.