இ.பா. பக்கம்: மலர் அச்சுக்குப் போகுமுன்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். ஆண்டு மலரில் நாவலாசிரியரும் நாடக ஆசிரியருமான இந்திரா பார்த்தசாரதி (இ.பா.) பற்றி வரும் பக்கத்தின் வரைவைப் படித்தேன். சிலவற்றைத் திருத்தாமல் அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

கும்பகோணத்தில் பிறந்தார் என்கிற முதல் வரியே தவறு. அவர் பிறந்தது சென்னையில், 10-7-1930 அன்று. வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும்தான் கும்பகோணம். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் எழுத்தாளர் தி. ஜானகிராமன்; அதைப் போடுங்கள், நம் ஊர்ப் பக்கத்துக்கு அந்தப் பெருமையே போதும். 'இந்திரா' அவருடைய மனைவியின் பெயர், அம்மாவின் பெயர் அல்ல.

வேலை விவரத்தில் வார்சா விட்டுப்போயிருக்கிறது. டெல்லியில் நெடுங்காலம் பேராசிரியர். 1981 முதல் 1986 வரை போலந்தில் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை. வார்சாவை விட்டால், போலந்தை வைத்து அவர் எழுதிய 'ஏசுவின் தோழர்கள்' நாவல் எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குப் புரியாது.

அடுத்தது பெரிய குழப்பம். 1995இல் கமல்ஹாசன் நடித்து வந்த 'குருதிப்புனல்' படத்துக்கும் இவருடைய 'குருதிப்புனல்' நாவலுக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. நாவலை வைத்து எடுத்தது 1983இல் வந்த 'கண் சிவந்தால் மண் சிவக்கும்'. சிவகுமார் நடித்த 'மறுபக்கம்' இவருடைய 'உச்சிவெயில்' கதை. சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையை வாங்கிய முதல் தமிழ்ப் படம்.

'குருதிப்புனல்' நாவல் பற்றி இரண்டே வரி இருக்கிறது. அரைப் பக்கமாவது வேண்டும். நாவலுக்கு அடிப்படை உண்மைச் சம்பவம்: விவசாயத் தொழிலாளர்கள் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் முற்றிய பகை, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேரைக் கொளுத்தியதில் முடிந்தது. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நாவல் 1975இல் வந்தது. சாகித்ய அகாதெமி விருது 1977இல். டெல்லியில் இருந்துகொண்டு எழுதியவர், டெல்லியிலிருந்து நண்பன் கோபாலைத் தேடி வரும் சிவாவைத்தான் கிராமத்துக்குள் முதலில் அனுப்புகிறார். படித்து வெளியே போனவன் ஊரைப் பார்க்கிற கண் அது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நமக்கு இந்த நாவல் இவ்வளவு நெருங்கி வருவது அதனால்தான்.

எதிர்ப்பையும் மறைக்க வேண்டாம். பண்ணையார் கண்ணையா நாயுடுவின் வெறிக்கு ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்தது கூலிப் போராட்டத்தை மங்கச் செய்கிறது என்று இடதுசாரிகள் கடுமையாகச் சொன்னார்கள். எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நாவலின் மதிப்பு அதனால் போய்விடாது. ஆனால் மலரில் வெறும் புகழுரை மட்டும் இருந்தால் அது அவருக்கே மரியாதை இல்லை.

விருது வரிசை: 'ராமானுஜர்' நாடகத்துக்குச் சரஸ்வதி சம்மான் 1999, சங்கீத நாடக அகாதெமி 2004, பத்மஸ்ரீ 2010.

வாசிப்புக் கூட்டத்துக்கு எடுத்தவுடன் 'குருதிப்புனல்' வேண்டாம். பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். 'உச்சிவெயில்' சின்னது, ஒரே மாலையில் முடியும். அடுத்து அவருடைய 'நந்தன் கதை' நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கலாம். ஸூமில் பலர் சேர்ந்து குரல் கொடுத்தால் இணைப்புத் தாமதத்தில் எல்லாம் குளறிவிடும். கூட்டமாகப் பேசும், பாடும் இடங்களை ஒரே குரலுக்குக் கொடுங்கள். நந்தனைத் தீயில் தள்ளும் சூழ்ச்சி தெரியவரும் கடைசிப் பகுதியை மட்டும் நிதானமாக, அவசரமில்லாமல் வாசிக்க ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள்.

திருத்திய வரைவை வெள்ளிக்கிழமைக்குள் குழுவில் போட்டால் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.