எரிக்கவும் வேண்டாம், சுடவும் வேண்டாம்: டிவிடிக்கு ஒரு வினைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வெற்று டிவிடியில் படத்தைப் பதிவதை ஆங்கிலத்தில் 'பர்ன்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் ஓடும் இழையில் மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இனி முடியாது.

> 'எரித்தல்' என்றே வைப்போம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாக. தோட்டத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ தொகுத்துக் கொடுப்பவன் நான். ஒரு பெண்ணின் அம்மாவிடம், "கேசட்டைக் கொடுங்கம்மா, ராத்திரியே எரித்துத் தந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "இருக்கிறதே இந்த ஒண்ணுதான் தம்பி."

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை வைத்து ஒரு விளையாட்டாவது உண்டு. 'நீரோ பர்னிங் ரோம்' என்ற, தட்டில் பதியும் மென்பொருளின் பெயரே நீரோ மன்னன் காலத்தில் ரோமாபுரி எரிந்த கதைதான். நமக்கு அந்த ருசியும் இல்லை, சாம்பல்தான் மிச்சம்.

> 'சுடுதல்' சின்னதாக இருக்கிறதே?

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விரித்துப் போட்டு விற்கிறார்களே, அதுதான் சுட்ட டிவிடி. காசு வாங்கி வேலை செய்கிற நான் அதைச் சொன்னால் மரியாதை என்ன ஆவது? 'பொறித்தல்' என்று இன்னொருவர் சொன்னது எழுத்தில் அழகு. வாயில் வந்தால் கோழி.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வெற்றுத் தட்டான டிவிடி-ஆரில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. சுமார் 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசர் பட்ட இடத்தில் சாயம் சூடேறி மாறிவிடுகிறது. அங்கே ஒளி முன்போலத் திரும்பி வராது. தீயும் இல்லை, புகையும் இல்லை, தழும்பு மட்டும். பாதி நிரம்பிய தட்டை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். உள்வட்டம் ஒரு சாயல், வெளிவட்டம் வேறு சாயல், நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை.

என் தாத்தா லயத்துக்குப் பின்னால் மாடு வைத்திருந்தார். அதன் தொடையில் இருந்த சூடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகாது. ஒருமுறை மட்டும் எழுதும் தட்டும் அப்படித்தானே? ஆகவே பேச்சில் 'சூடு போடு', எழுத்தில் 'சூடிடல்'. பூச்சூடலோடு குழம்பும் என்பீர்கள். 'சூடிட்டேன்' என்றால் குழம்பும்தான், 'சூடு போட்டேன்' என்றால் குழம்பாது. அழித்தழித்து எழுதும் ஆர்டபிள்யூ தட்டுக்கு இந்த உவமை நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் வேலை செய்வது சூடுதான்.

இதைவிட எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. 'பர்ன்' என்ற ஒரே மூட்டையில் மூன்று வேலைகளைத் திணித்து வைத்திருக்கிறோம். மணிக்கு 13 ஜிபி பிடிக்கும் மினிடிவி கேமரா கேசட் படத்தை, டிவிடிக்கு ஏற்ற சுருங்கிய வடிவமான எம்பெக்-2 ஆக்குவது முதல் வேலை, 'சுருக்கல்' போதும். பட்டியல் பக்கமும் அத்தியாயங்களும் அமைத்து அடுக்குவது 'கட்டல்'. அப்புறம்தான் சூடு.

பிரிக்காததால் நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே 4.7 ஜிபி தட்டில் அடைத்தேன். ஒலியையும் சேர்த்து வினாடிக்கு 3.5 மெகாபிட் தரவுகூடத் தேறவில்லை. மாலை மாற்றும் வரை படம் ஒழுங்காக ஓடியது. அட்சதை பறந்ததும் திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. மாப்பிள்ளை வீட்டார் "சரியா எரியலை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். நானும் புத்தி கெட்டு, தட்டில் எழுதும் 8 மடங்கு வேகத்தை 4 ஆக்கி இன்னொரு தட்டில் எழுதினேன். அதே சதுரங்கள். வராமல் என்ன செய்யும்? குற்றம் சூட்டில் இல்லை, சுருக்கியதில். இரண்டு தட்டாகப் பிரித்து, இருமுறை அலசிச் சுருக்கி, சராசரி 6 மெகாபிட் கொடுத்த பிறகுதான் அட்சதை அரிசியாகத் தெரிந்தது.

தனித்தனிச் சொல் இருந்திருந்தால் அவர்கள் "சரியாகச் சுருக்கலை" என்றிருப்பார்கள், எனக்கும் ஒரு தட்டு மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு காதுகுத்து இருக்கிறது. அந்த உறையில் 'சூடு போட்ட நாள்' என்று அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன். பாட்டி என்ன கேட்கிறார் என்று எழுதுகிறேன்.