வீட்டுக்கல்வி: மாமனாரின் ஒரு கேள்விக்குப் பதில் வேணும்

கோவை, வடவள்ளி. மகளுக்கு 9 வயசு. மூணாம் வகுப்பு பாதியில நிறுத்தி, 14 மாசமா வீட்லதான் படிக்கிறா. படிப்பு நல்லாப் போகுது. மாமனாரைத்தான் சமாளிக்க முடியல.

முதல்ல "சர்டிபிகேட்டுக்கு என்ன பண்ணுவே?"ன்னார். 14 வயசானா என்.ஐ.ஓ.எஸ்.ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) பத்தாவது எழுதலாம், மத்திய அரசு வாரியம்தான்னு காட்டினேன். அடங்கிட்டார். (ரிட்டயர்டு தலைமையாசிரியர், அரசு முத்திரைன்னா தனி மரியாதை.)

இப்போ, "நாலு பிள்ளைகளோட பழகாம எப்படி?" நீச்சல், ஞாயிறு சிலம்பம், எதிர்வீட்டுப் பசங்க, எல்லாம் சொல்லிப் பார்த்தாச்சு. "அதெல்லாம் ஒரு மணி நேரக் கூத்து"ங்கிறார். உண்மையில அந்த இடம் எனக்கே உறுத்துது. சண்டை போட்டு மறுநாளே சேர்ந்துக்க அவளுக்குன்னு ஒரு தோழி இல்ல.

10 வயசு தாண்டியும் வீட்லயே படிக்க வைக்கிறவங்க, பிள்ளைக்கு நிலையான நட்பு கிடைக்க என்ன ஏற்பாடு பண்ணீங்க?